எல்லா டெஸ்டும் நார்மல், மாதவிடாய் மட்டும் ஒழுங்கில்லை: ஹார்மோன் ஏற்பி மரபணு சோதனை எடுக்கலாமா?

செந்தூல்மல்லி (கோலாலம்பூர்)

எல்லோருக்கும் வணக்கம். வயது 29, கணக்காய்வு அலுவலகத்தில் வேலை, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. வயதுக்கு வந்ததிலிருந்தே எனக்கு மாதாமாதம் வந்ததில்லை. ஒருமுறை ஒன்றரை மாதத்தில் வரும், அடுத்தது இரண்டு மாதம் தாண்டியும் வராது. தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்), சர்க்கரை எல்லாம் பார்த்தாகிவிட்டது, எல்லாமே நார்மல். ஸ்கேனில் கர்ப்பப்பையும் சினைப்பையும் நன்றாக இருக்கின்றனவாம். முகத்தில் முடி இல்லை, பரு இல்லை, எடையும் ஏறவில்லை, அதனால் பிசிஓஎஸ் என்ற சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கடைசியாகப் பார்த்த தனியார் டாக்டர் ரிசல்ட் தாளைப் புரட்டிவிட்டு, "காரணம் எதுவும் தெரியலம்மா, கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்றார். அந்தப் பதிலுக்குக் கட்டிய காசை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

இப்போது போனைத் திறந்தாலே ஒரு விளம்பரம் வருகிறது. குழாயில் எச்சில் துப்பி அனுப்பினால் போதுமாம், ஹார்மோன் ஏற்பிகளின் மரபணுவைப் படித்து மாதவிடாய்க் கோளாறின் மூலகாரணத்தைச் சொல்லிவிடுவார்களாம். ஆயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல். என் பெரியம்மாவுக்கும் இதே மாதிரிதான் இருந்தது, அவருக்குக் கடைசிவரை குழந்தை இல்லை. அதனால்தான் மனது அடித்துக்கொள்கிறது. எடுக்கலாமா?

கெப்போங் ராஜிமா

மல்லிம்மா, காசை வீணாக்காதே. கருஞ்சீரகத்தைப் பனைவெல்லத்தோடு இடித்துச் சாப்பிடு. எங்கள் பக்கத்துப் பசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு மலாய் மாக்சிக் ஜாமு என்ற நாட்டு மூலிகை மருந்து விற்கிறார், என் மருமகளுக்கு இரண்டே வாரத்தில் வந்துவிட்டது, முகமும் பளபளவென்று ஆகிவிட்டது.

மிஸ்ஸி_அம்பாங்

ராஜி அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆனால் இரண்டே வாரத்தில் முகம் பூரித்து வரும் ஜாமுதான் எனக்குப் பயம். பதிவில்லாத ஜாமுவில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்ததை நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. முகம் உப்பும், பசி எடுக்கும், உடம்பின் சொந்த ஹார்மோன் சுரப்பு அடங்கிப்போகும். திடீரென்று நிறுத்தினால் ஆபத்தாகக்கூட முடியலாம். மருமகளிடம் டப்பாவைக் கேட்டுப் பாருங்கள், ஆங்கிலத்தில் MAL என்று தொடங்கி T என்று முடியும் பதிவு எண் இருக்கிறதா என்று. இல்லையென்றால் தானாக நிறுத்த வேண்டாம், டப்பாவோடு கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.

சோதனைக்குழாய் (பினாங்கு)

மல்லி, நான் டாக்டர் இல்லை, மரபணுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். இந்த எச்சில் குழாய் அறிக்கைகளைக் கையில் எடுத்துக்கொண்டு அழுதபடி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எஃப்எஸ்ஹெச் என்ற ஹார்மோனை விடுகிறது, அது சினைப்பைக்குப் போய் முட்டை வளர வேண்டும் என்று சொல்கிறது. சொல்வதைக் கேட்க சினைப்பை செல்லில் ஒரு காது வேண்டும், அதுதான் ஏற்பி. காது கொஞ்சம் மந்தமாக இருந்தால் பிட்யூட்டரி சத்தத்தைக் கூட்டும், அதாவது எஃப்எஸ்ஹெச் அளவு ஏறும், வேலை நடந்துவிடும். காது அடியோடு கேட்கவில்லை என்றால் எவ்வளவு கத்தினாலும் முட்டை வளராது. மந்தக் காது வேறு, செவிடு வேறு. விளம்பரக்காரர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

மந்தக் காதுக்கு நன்றாக ஆராயப்பட்ட உதாரணம் எஃப்எஸ்ஹெச் ஏற்பியின் 680ஆம் இடம். அங்கே சிலருக்கு அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் இருக்கும், சிலருக்கு செரின் இருக்கும், இரண்டுமே சாதாரணமாகக் காணப்படுபவை. அப்பா வழியும் அம்மா வழியும் செரினே வந்த பெண்களுக்கு எஃப்எஸ்ஹெச் கொஞ்சம் கூடுதல், செயற்கைக் கருத்தரிப்பில் ஊசி மருந்தும் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்று 2000இல் ஜெர்மனியில் காட்டினார்கள். 2005இல் அதே நாட்டில் இன்னொரு ஆய்வு, அவர்களுடைய மாதச் சுழற்சியும் நீளம் என்றது. எவ்வளவு நீளம் தெரியுமா? ஏறக்குறைய இரண்டு நாள்! 27 நாளில் வருவது 29இல் வரும். உங்கள் இரண்டு மாத இடைவெளியை அது விளக்காது.

ஆனால் அந்த அறிக்கையில் முதலில் வருவது இந்த 680தான், சிவப்பு எழுத்தில், அபாயம் என்று போட்டு. அதற்கடுத்து ஈஸ்ட்ரோஜன் ஏற்பி மரபணுவில் இரண்டு புள்ளி, அதாவது ஆளுக்கு ஆள் மாறும் இரண்டு இடம் வரும். அவற்றைப் பற்றி வந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்கின்றன. அப்புறம் புரோஜெஸ்டிரோன் ஏற்பி. கடைசிப் பக்கத்தில் அவர்களே விற்கும் சத்து மாத்திரை. வேண்டாம் மல்லி.

தாமரை.பி (பிரிக்பீல்ட்ஸ்)

சோதனைக்குழாய், அறிவியல் சரிதான், ஆனால் கடைசியில் "வேண்டாம்" என்று சொல்கிற தொனி எனக்குப் பிடிக்கவில்லை. நம் பெண்கள் கேட்கும் எல்லாவற்றுக்கும் வேண்டாம், பார்க்கலாம், கல்யாணம் ஆகட்டும், குழந்தை பிறக்கட்டும், இப்படித்தான் பதில் வருகிறது. மல்லி கேட்டது நியாயமான கேள்வி. குடும்பத்தில் பெரியம்மாவுக்கும் இருந்திருக்கிறது. இதில் மரபணு இல்லை என்று நீங்கள் எப்படிச் சொல்ல முடியும்?

2011இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்ததைப் படியுங்கள். உடற்பயிற்சி, எடைக் குறைவு, மன அழுத்தம் இவற்றால் மாதவிடாய் நின்றுபோன 55 பெண்களை எடுத்தார்கள். எல்லோரும் "டென்ஷன்" என்று சொல்லித் தள்ளிவிடும் ரகம். அவர்களில் 7 பேருக்கு, கருவுறு ஹார்மோன்களை இயக்கும் ஜிஎன்ஆர்ஹெச் அமைப்பின் மரபணுக்களில் மாற்றம் இருந்தது, அவற்றில் ஜிஎன்ஆர்ஹெச் ஏற்பியின் மரபணுவும் ஒன்று. ஒழுங்காக மாதவிடாய் வரும் 422 பேரிடம் அந்த மாற்றங்கள் ஒன்றுகூட இல்லை. காரணமே இல்லை என்று சொல்லப்பட்டவர்களுக்குக் காரணம் இருந்தது!

சோதனைக்குழாய் (பினாங்கு)

தாமரை அக்கா, அந்த ஆய்வு நல்ல ஆய்வு, நானும் படித்தேன். அதை வைத்தே சொல்கிறேன். 55இல் 7 என்றால் 48 பேருக்கு எதுவும் அகப்படவில்லை. அகப்பட்டவர்களுக்கும் மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றில்தான் மாற்றம், அது மட்டும் மாதவிடாயை நிறுத்தாது. அதோடு பட்டினியோ ஓட்டமோ கவலையோ சேரும்போது, மற்றவர்களுக்கு நிற்காதது இவர்களுக்கு நின்றுவிடுகிறது. இன்னொன்று, அங்கே மரபணுக்களை முழுதாகப் படித்தார்கள். எச்சில் குழாய்க்காரர் பார்ப்பது முன்கூட்டியே தேர்ந்தெடுத்த சில புள்ளிகளை மட்டும். ஆகவே மல்லிக்கு உண்மையிலேயே அப்படி ஓர் அபூர்வ மாற்றம் இருந்தால்கூட இந்தச் சோதனை அதைத் தவறவிட்டு "நார்மல்" என்று எழுதித் தரும். நான் மரபணு சோதனையே கூடாது என்கிறவன் இல்லை, அதுதான் என் பிழைப்பு. இந்தச் சோதனை கூடாது என்கிறேன்.

தாமரை.பி (பிரிக்பீல்ட்ஸ்)

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் சண்டைக்கே வந்திருக்க மாட்டேன். ஆனாலும் ஒரு கேள்வி. முழுதாகப் படிக்கும் சோதனையை நம்மூரில் எடுத்தால் நம் ஆட்களுக்கு ஒழுங்கான பதில் கிடைக்குமா? எல்லா ஆராய்ச்சியும் வெள்ளைக்காரர்களை வைத்துத்தானே?

சோதனைக்குழாய் (பினாங்கு)

அது நியாயமான கவலை. ஒரு மாற்றத்தைக் கண்டதும் நாங்கள் செய்யும் முதல் வேலை, பொதுமக்களில் எத்தனை பேருக்கு அது இருக்கிறது என்று உலகத் தரவுத்தளங்களில் தேடுவது. அங்கே ஐரோப்பியர் மிக அதிகம், தெற்காசியர் குறைவு, அதிலும் மலேசியத் தமிழர் என்று தனியாகப் பிரித்துப் பார்க்க வழியில்லை. அதனால் நம் ஆட்களில் சாதாரணமாக இருக்கக்கூடிய ஒன்றுகூட அங்கே அபூர்வமாகத் தெரியும். ஒரு மாற்றம் நோய்க்குக் காரணமா இல்லையா என்று தரம்பிரிக்க 2015இல் அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி வகுத்த ஐந்து படி முறையில் நடுப்படி "பொருள் உறுதியாகாதது". நம் ரத்தத்துக்கு அந்த நடுப்படி அறிக்கை அடிக்கடி வருகிறது. அதை வைத்துக்கொண்டு சிகிச்சையை மாற்றவும் முடியாது, கல்யாணத்தை நிறுத்தவும் கூடாது. இதை யாராவது உட்கார வைத்து விளக்காமல் தாளை மட்டும் ஈமெயிலில் அனுப்புவது எனக்குச் சம்மதமில்லை.

பட்டர்வொர்த் அம்மா

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு 17 வயது. இன்னும் வயதுக்கு வரவில்லை. மார்பு வளர்ச்சியும் சிறுபிள்ளை மாதிரியேதான். மாமியார் வீட்டில் "நம்ம குடும்பத்துல எல்லாரும் லேட்டுதான்" என்கிறார்கள். நான் கட்டியது என் தாய்மாமனை. அதனால் ஏதாவது இருக்குமா? இதை டாக்டரிடம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

மிஸ்ஸி_அம்பாங்

அம்மா, கூச்சப்படாதீர்கள், ஆனால் இனிமேல் காத்திருக்கவும் வேண்டாம். 13 வயதுக்குள் மார்பு வளர்ச்சி தொடங்காவிட்டாலும், 15 வயதுக்குள் மாதவிடாய் வராவிட்டாலும் பார்த்தே ஆக வேண்டும். இந்த வாரமே பக்கத்து அரசு கிளினிக் கெசிஹாத்தானுக்கு அழைத்துப் போங்கள், 1 வெள்ளி. அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரி நிபுணரிடம் போகலாம், குடிமக்களுக்குக் கட்டணம் மிகக் குறைவு. ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் இந்த வயது கடந்தால் எலும்பு பலப்பட வேண்டிய காலம் வீணாகிவிடும், அதுதான் என் அவசரம்.

சோதனைக்குழாய் (பினாங்கு)

அம்மா, மேலே மல்லிக்கு நான் வேண்டாம் என்று சொன்னதை உங்கள் மகளுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் செவிட்டுக் காது என்று சொன்னேனே, அதைத் தேடிப் பார்க்க வேண்டியது உங்கள் மகள் மாதிரியானவர்களிடம்தான்.

தாய்மாமனும் அக்கா மகளும் மரபணுவில் சராசரியாக நான்கில் ஒரு பங்கைப் பொதுவாக வைத்திருப்பார்கள், அத்தை மகன் மாமன் மகள் என்றால் எட்டில் ஒரு பங்கு. குடும்பத்தில் யாருக்கோ ஒரு பிரதி கெட்டுப்போயிருந்தால் வெளியே தெரியாது. சொந்தத்தில் கட்டும்போது அதே கெட்ட பிரதி அப்பா வழியிலும் அம்மா வழியிலும் வந்து ஒரே பிள்ளையிடம் சேர்ந்துவிடும் வாய்ப்புக் கூடுகிறது. எஃப்எஸ்ஹெச் ஏற்பி, எல்ஹெச் (பிட்யூட்டரி விடும் இன்னொரு ஹார்மோன்) ஏற்பி, ஜிஎன்ஆர்ஹெச் ஏற்பி, கிஸ்பெப்டின் (மூளையில் பருவமடைதலைத் தூண்டுவது) ஏற்பி இவற்றின் கடுமையான கோளாறுகள் பெரும்பாலும் இந்த வழியில்தான் வருகின்றன. சொந்தத்தில் கட்டாதவர்களுக்கும் வரும். ஃபின்லாந்தில் ஒரே பழைய மாற்றம் பல குடும்பங்களில் பரவியிருந்தது. எஃப்எஸ்ஹெச் ஏற்பியின் 189ஆம் இடத்தில் அலனினுக்குப் பதில் வாலின், அவ்வளவுதான் வித்தியாசம், அந்தப் பெண்களுக்குச் சினைப்பை வேலையே செய்யவில்லை. 1995இல்தான் கண்டுபிடித்தார்கள். ஆகவே நீங்கள் தாய்மாமனைக் கட்டியதைக் குற்றமாக யாரும் பேச இடம் கொடுக்காதீர்கள். ஆனால் டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள், அவருக்குத் தேடும் வழியே அதில் தெரியும்.

முதலில் எஃப்எஸ்ஹெச், எல்ஹெச், ஈஸ்ட்ரடையால் (சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன்) மூன்றும் பார்ப்பார்கள். எஃப்எஸ்ஹெச் மிக அதிகம் என்றால் சினைப்பை கேட்கவில்லை என்று அர்த்தம், அப்போது குரோமோசோம் சோதனை முதலில் வரும், ஏனென்றால் ஒரு எக்ஸ் குரோமோசோம் இல்லாத அல்லது குறைபட்ட டர்னர் நிலை ஏற்பிக் கோளாறுகளைவிடப் பல மடங்கு அதிகம். எஃப்எஸ்ஹெச் மிகக் குறைவு என்றால் மேலிருந்து ஆணையே வரவில்லை. வெறும் தாமதமாகவும் இருக்கலாம், மூளையிலும் பிட்யூட்டரியிலும் இருக்கும் ஏற்பிகளாகவும் இருக்கலாம். மகளுக்கு வாசனை தெரிகிறதா என்று கவனியுங்கள். மல்லிகையும் சாம்பிராணியும் கொடுத்துக் கண்ணை மூடி முகரச் சொல்லுங்கள். வாசனையே தெரியாவிட்டால் கால்மன் என்ற நிலை இருக்கலாம், அதற்கு ஹார்மோன் சிகிச்சை உண்டு.

சஹானா_ஜெலுத்தோங்

எனக்கும் வயதுக்கு வரவே இல்லை, ஆனால் மார்பு வளர்ச்சி எல்லாம் தோழிகள் மாதிரியே இருந்தது. ஸ்கேனில் கர்ப்பப்பை இல்லை, குரோமோசோம் எக்ஸ்ஒய். ஆண் ஹார்மோனான ஆண்ட்ரோஜனின் ஏற்பி வேலை செய்யாத நிலை. எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் மரபணு அது, அதனால் சொந்தத்தில் கட்டியதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நான் பெண்தான், அப்படித்தான் வளர்ந்தேன், வாழ்கிறேன். இதை இங்கே எழுதக் காரணம், என்னிடம் உண்மையைச் சொல்லாமல் பல வருடம் மறைத்தார்கள். பட்டர்வொர்த் அம்மா, எந்த முடிவு வந்தாலும் உங்கள் மகளை அறையிலிருந்து வெளியே அனுப்பிவிட்டுப் பேசாதீர்கள்.

பட்டர்வொர்த் அம்மா

சஹானா, நீ என் மகள் மாதிரி. நன்றி அம்மா. திங்கட்கிழமை போகிறோம்.

நைட்ஷிப்ட்_பாயான்லெப்பாஸ்

என் கேள்வி சின்னது. எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் இரவு வேலை. பகல் ஷிப்ட் வந்தால் ஒழுங்காக வருகிறது, இரவு ஷிப்டில் தள்ளிப்போகிறது. எனக்கும் ஏற்பியா?

மிஸ்ஸி_அம்பாங்

ஷிப்டோடு மாறி மாறி வந்தால் முதல் சந்தேகம் தூக்கத்தின் மேல்தான் தங்கச்சி. தேதியையும் ஷிப்டையும் ஒரே காலண்டரில் குறித்து எடுத்துப் போங்கள், டாக்டர் பகல் ஷிப்டுக்குக் கடிதம் தர அது உதவும்.

கவிதா_செராஸ்

இங்கே எல்லோரும் வராததைப் பற்றியே பேசுகிறீர்கள், எனக்கு வந்தால் நிற்காது. பள்ளி நாளிலிருந்தே இருக்கையில் கறை பட்டுவிடும் என்ற பயம், எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்தே வேலையில் பெயர் கெட்டது. கட்டி இல்லை, ஹார்மோன் சரி, "காரணம் தெரியவில்லை". ஈஸ்ட்ரோஜன் ஏற்பியாக இருக்குமோ என்று நானும் தேடித் தேடிப் படித்தேன். கடைசியில் பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்காமல் போய், பல் டாக்டர்தான் ரத்த நிபுணரிடம் அனுப்பினார். வான் வில்லிபிராண்ட் குறைபாடு, அதாவது ரத்தம் உறைய உதவும் ஒரு புரதத்தின் குறைபாடு. அதிக ரத்தப்போக்கு உள்ள பெண்களில் எட்டில் ஒருவருக்கு அருகில் இது இருப்பதாக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். இதுவும் மரபணுதான், ஆனால் ஹார்மோன் பக்கமே இல்லை!

சோதனைக்குழாய் (பினாங்கு)

கவிதா சொன்னதை எல்லோரும் இரண்டு முறை படியுங்கள். 2011இல் உலக மகப்பேறு கூட்டமைப்பு ரத்தப்போக்குக் காரணங்களை ஒன்பது வகையாகப் பிரித்தது, அதில் ரத்தம் உறையாமை தனி வகை. அந்த ஒன்பதையும் பார்க்காமல் "காரணம் தெரியவில்லை" என்று எழுதினால் நான் ஏற்க மாட்டேன்.

தாமரை.பி (பிரிக்பீல்ட்ஸ்)

ஏற்பி மாற்றம் என்றாலே கெட்டது என்றும் நினைக்க வேண்டாம், இதையும் சொல்லிவிடுகிறேன். புரோஜெஸ்டிரோன் ஏற்பியில் நியாண்டர்தால் மனிதர்களிடமிருந்து வந்த ஒரு வகை உண்டு. ஐரோப்பியப் பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இருக்கிறதாம். அது உள்ளவர்களுக்குக் கருச்சிதைவும் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரத்தப்போக்கும் குறைவு என்று பழங்கால மனிதர் மரபணு ஆய்வாளர் ஸ்வாந்தே பாபோ குழுவினர் 2020இல் எழுதினார்கள். இதையே அந்த எச்சில் அறிக்கை "அபாயம்" என்று போட்டாலும் போடும்.

செந்தூல்மல்லி (கோலாலம்பூர்)

எல்லாவற்றையும் படித்தேன். எச்சில் குழாய்க்குக் காசு கட்டப் போவதில்லை. ஆனால் மறுபடியும் முதலிலிருந்து டாக்டரைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. இந்த முறை என்ன கேட்பது?

மிஸ்ஸி_அம்பாங்

மல்லி, முதலில் நான் கேட்கிறேன். சாப்பாடு எப்படி? ஓட்டம், ஜிம் ஏதாவது உண்டா? கடைசியாக ரத்தம் எந்த நாளில் எடுத்தார்கள்?

செந்தூல்மல்லி (கோலாலம்பூர்)

தித்திவங்சா ஏரியைச் சுற்றி தினமும் ஓடுவேன், பள்ளியிலேயே ஓட்டப்பந்தயக்காரி. இரவில் சோறு கிடையாது, பப்பாளி மட்டும். இதை எந்த டாக்டரும் கேட்கவில்லை. ரத்தம் எடுத்தது ஏதோ ஒரு நாள், எனக்கு நேரம் கிடைத்த நாள்.

சோதனைக்குழாய் (பினாங்கு)

பள்ளியிலிருந்தே ஓட்டம் என்றால் தாமரை அக்கா சொன்ன 2011 ஆய்வை நீங்களும் படிக்க வேண்டும். அங்கே பார்த்தது மாதவிடாய் நின்றுபோனவர்களை, உங்களுக்கு நிற்கவில்லை, ஆனால் உடம்புக்குள் போகும் சக்தியும் செலவாகும் சக்தியும் சமமா என்று முதலில் கணக்குப் பார்க்கலாம். அதற்கு மரபணு சோதனை தேவையில்லை. பெரியம்மாவுக்கு எந்த வயதில் மாதவிடாய் நின்றது என்று வீட்டில் கேட்டு வையுங்கள். 40க்கு முன்னால் என்றால் அதைக் கண்டிப்பாக டாக்டரிடம் சொல்ல வேண்டும். அப்போது எக்ஸ் குரோமோசோமில் எஃப்எம்ஆர்1 என்ற மரபணுவையும் பார்க்கச் சொல்வார்கள், அது ஏற்பி இல்லை, ஆனால் சினைப்பை சீக்கிரம் ஓய்ந்துபோவதற்குத் தெரிந்த காரணங்களில் ஒன்று.

மிஸ்ஸி_அம்பாங்

மாதவிடாய் தொடங்கிய 2ஆம் நாளிலிருந்து 5ஆம் நாளுக்குள் எஃப்எஸ்ஹெச், எல்ஹெச், ஈஸ்ட்ரடையால், காலையில் எடுக்க வேண்டும். கூடவே டெஸ்டோஸ்டிரோன், அட்ரினல் சுரப்பிக் கோளாறைக் காட்டும் 17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன். மாதக்கணக்கில் வராவிட்டால் மாத்திரை கொடுத்து வரவழைத்துவிட்டும் எடுக்கலாம், டாக்டர் சொல்வார். மூன்று மாதத்துக்கு மேல் வராமல் விட்டுவிடாதீர்கள், கர்ப்பப்பை உள்சவ்வு தடித்துப்போகலாம். அப்புறம் முடிக்கோ நகத்துக்கோ பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை எடுக்கிறீர்களா?

செந்தூல்மல்லி (கோலாலம்பூர்)

ஆமாம், முடி கொட்டுகிறது என்று பார்மசியில் கொடுத்தார்கள். போன தைராய்டு டெஸ்ட் எடுத்தபோதும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஏன்?

மிஸ்ஸி_அம்பாங்

பல இயந்திரங்கள் ஹார்மோனை அளப்பதே பயோட்டினை வைத்துத்தான். ரத்தத்தில் பயோட்டின் கூடுதலாக இருந்தால் தைராய்டுக்குப் பார்க்கும் டிஎஸ்ஹெச், புரோலாக்டின், எஃப்எஸ்ஹெச், எல்ஹெச் எல்லாம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், ஈஸ்ட்ரடையாலும் டெஸ்டோஸ்டிரோனும் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். உங்கள் புரோலாக்டின் ஏறியிருந்தும் நார்மல் என்று வந்திருக்கலாம். ரத்தம் எடுப்பதற்கு இரண்டு நாளாவது முன்னால் நிறுத்துங்கள், டோஸ் பெரிதாக இருந்தால் இன்னும் முன்னால். தைராய்டும் புரோலாக்டினும் மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த மாத்திரை டப்பாவையும் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள், எத்தனை மைக்ரோகிராம் என்று அதில் போட்டிருக்கும்.